வெளி நிரலகச் சார்பு மேலாண்மை

ஒரு மென்பொருள், பிறர் எழுதிய நிரலகங்களை (லைப்ரரி) நம்பி இயங்கும்போது, அவற்றைத் தேர்ந்தெடுத்து, நிறுவி, புதுப்பித்துவரும் முறை வெளி நிரலகச் சார்பு மேலாண்மை எனப்படும். எடுத்துக்காட்டாக, பிஎச்பி மொழியில் அமைந்த லாராவெல் என்ற திறந்த மூலச் சட்டகம், சிம்ஃபனியின் பல கூறுகளையும், தேதிக் கணக்கிற்குக் கார்பன், பதிவேட்டிற்கு மோனோலாக் ஆகிய நிரலகங்களையும் பயன்படுத்துகிறது. இவற்றை நிறுவித் தரும் கருவி கம்போசர். 2013-இல் வெளியான லாராவெல் 4 முதல் அச்சட்டகம் கம்போசர் வழியே வழங்கப்படுகிறது.

பதிப்பு எண்கள்

பதிப்பு எண் பொதுவாக மூன்று பகுதிகள் கொண்டது. 2.4.1 என்பதில் 1 பிழைத் திருத்தத்தையும், 4 புதிய வசதிகளையும் குறிக்கும். பழைய நிரலோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் முதல் எண்ணாகிய 2, 3 ஆக மாறும். எனவே நிரலாளர்கள் "2.4 அல்லது அதற்கு மேல், ஆனால் 3.0-க்குக் கீழ்" என்று வரம்பு குறிப்பிடுவது வழக்கம்.

பூட்டுக் கோப்பு

வரம்பு மட்டும் போதாது. ஒருவர் கணினியில் 2.4.1-உம் மற்றொருவர் கணினியில் 2.6.0-உம் நிறுவப்படலாம்; ஓரிடத்தில் இயங்குவது மற்றோரிடத்தில் பழுதாகலாம். இதைத் தவிர்க்க, நிறுவப்பட்ட துல்லியமான பதிப்புகளைக் கம்போசர் ஒரு பூட்டுக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதன் நிறுவல் கட்டளை இக்கோப்பைப் பின்பற்றும். புதுப்பித்தல் கட்டளை வரம்புக்குள் புதிய பதிப்புகளைத் தேடி இக்கோப்பை மாற்றி எழுதும். பணியில் உள்ள சேவையகத்தில் முதல் கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

மறைமுகச் சார்புகள்

நாம் சேர்க்கும் நிரலகம் வேறு நிரலகங்களைச் சார்ந்திருக்கலாம். 2016 மார்ச் 22 அன்று, ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை நிரப்புவதே அதன் வேலை. ஆயினும் பேபல் உள்ளிட்ட கருவிகள் அதை மறைமுகமாகச் சார்ந்திருந்ததால், உலகெங்கும் பல திட்டங்களின் நிறுவல் தடைப்பட்டது. அன்றே அது மீட்கப்பட்டது. பின்னர் நீக்கும் விதிகளும் இறுக்கப்பட்டன.

2021 டிசம்பரில் ஜாவா மொழிக்கான லாக்4ஜே நிரலகத்தில் கடும் பாதுகாப்புக் குறை வெளியானபோது, தங்கள் மென்பொருளுக்குள் அது இருக்கிறதா என்று நிறுவனங்கள் தேட வேண்டியதாயிற்று.

நல்ல நடைமுறைகள்

- உண்மையில் தேவைப்படும் நிரலகத்தை மட்டும் சேர்த்தல்.
- அதன் உரிமம், பராமரிப்பு நிலை ஆகியவற்றைப் பார்த்தல்.
- பூட்டுக் கோப்பை மூல நிரலோடு சேமித்தல்.
- தணிக்கைக் கட்டளையால் பாதுகாப்புக் குறைகளைச் சோதித்தல்.
- சிறுசிறு புதுப்பித்தல்களை உடனுக்குடன் செய்து, ஒவ்வொரு முறையும் சோதனைகளை இயக்குதல்.