டாரஸ் நீரிணைத் தீவுகளில் பிள்ளை கொடுக்கும் வழக்கம்

ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கும் நியூகினிக்கும் இடையே சிதறிக் கிடக்கும் டாரஸ் நீரிணைத் தீவுகளின் பூர்வகுடி மக்கள், தாம் பெற்ற குழந்தையை உற்றார் உறவினரின் குடும்பத்துக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் வழக்கத்தைத் தலைமுறைகளாகப் பேணி வருகின்றனர். ‘குபாய் ஒமாஸ்கர்’ எனப்படும் இவ்வழக்கத்தால் மகப்பேறற்ற தம்பதியர் பெற்றோராகின்றனர். முதியோருக்குத் துணை கிடைக்கிறது. குடும்பத்தின் பெயரும் நிலமும் வாரிசற்றுப் போவதில்லை. ஆதரவற்ற குழந்தைக்குப் புகலிடம் தேடும் ஏற்பாடாக இதைக் கருதுவது பெரும்பிழை. கொடுத்த குடும்பமும் ஏற்ற குடும்பமும் இதனால் மேலும் நெருங்குகின்றன.

ஆனால், பெரியவர்களின் வாய்மொழியால் உறுதியாகும் இந்த உறவுக்கு அரசு ஆவணம் ஏதும் இல்லாததால், பிறப்புச் சான்றிதழில் ஈன்றோரின் பெயரே நீடித்தது. பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, சொத்துரிமை ஆகியவற்றில் இடர்ப்பாடுகள் எழுந்ததோடு, பக்குவம் அறிந்து பெரியவர்கள் சொல்ல வேண்டிய பிறப்பு விவரத்தை ஒரு விண்ணப்பப் படிவத்தின் வாயிலாகப் பிள்ளைகள் அறிய நேர்ந்தது. இவற்றுள் மிகக் கொடியது இதுவே.

பூர்வகுடிகளின் நில உரிமையை ஆஸ்திரேலியா ஏற்கச் செய்த வழக்கின் நாயகர் எடி கொய்கி மாபோவும் இவ்வாறு வளர்ந்தவரே. 1936இல் மெர் தீவில் அவர் பிறந்த சில நாள்களிலேயே தாய் இறந்துவிட, தாய்மாமன் பென்னி மாபோ அவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். எனினும் 1990இல் அவ்வழக்கின் உண்மைகளை ஆராய்ந்த குயின்ஸ்லாந்து நீதிபதி மொய்னிஹான், பென்னியின் தத்துப்பிள்ளை என்ற முறையில் எடி கோரிய நில உரிமையை ஏற்க மறுத்துவிட்டார். மெர் தீவின் மெரியம் மக்களின் நில உரிமையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்த 1992 ஜூன் 3 அன்று, எடி மறைந்து நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களுக்குத் தேர்வான முதல் டாரஸ் நீரிணைத் தீவினரான சிந்தியா லூயி, பிள்ளை கொடுக்கும் இவ்வழக்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க அறிமுகப்படுத்திய மசோதா, 2020 செப்டம்பரில் குயின்ஸ்லாந்து மாநிலச் சட்டமாகி, அடுத்த ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஈன்றோர், வளர்ப்போர் ஆகிய இரு தரப்பினரின் ஒப்புதலையும் ஆராய்ந்து, இதற்கென நியமிக்கப்பட்ட ஆணையர் அங்கீகார ஆணை பிறப்பித்ததும், வளர்த்த பெற்றோரின் பெயருடன் புதிய பிறப்புச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அந்த ஆணையர் டாரஸ் நீரிணைத் தீவினராகவே இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை; யார் யாருடைய பிள்ளை என்பதைத் தீர்மானிக்கும் தகுதி அவ்வழக்கத்தை வாழ்ந்து அறிந்தவருக்கே உண்டு என்பதை அரசு இதன்மூலம் ஏற்றுக்கொண்டது.