உயில் எழுதுவது அபசகுனமன்று

பிழைப்பை நாடியும் உத்தியோகத்தை முன்னிட்டும் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டு, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று இரண்டாம், மூன்றாம் தலைமுறையைக் கண்டுவிட்டன. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் ஒரு வீட்டை வாங்கியிருக்கிறோம். பெண்ணின் கல்யாணத்துக்கென்றும் பிள்ளையின் படிப்புக்கென்றும் பாங்கியில் பணம் போட்டிருக்கிறோம். ஊரில் பாட்டனார் காலத்து வீட்டில் ஒரு பங்கும், ஆற்றுப்பாசன நிலத்தில் அரை ஏக்கரோ ஒரு மாவோ நம் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடக்கின்றன. இத்தனையையும் ஈட்டத் தெரிந்த நாம், நமக்குப் பின் அவை யாரிடம், எவ்வாறு சேரவேண்டும் என்பதை மட்டும் எழுதிவைக்கத் தயங்குகிறோம்.

இத்தயக்கத்தின் காரணம் எல்லோரும் அறிந்ததே. உயில் என்ற சொல்லை எடுத்தாலே, “நல்ல நாளும் அதுவுமாய் ஏன் இந்தப் பேச்சு?” என்று வீட்டார் வாயை அடைத்துவிடுகின்றனர். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் படித்தவர்களிடமும் உண்டு. எழுதாமல் விடுவதனால் எவருடைய ஆயுளும் கூடுவதில்லை. குடும்பத் தலைவர் மறைந்தபின் அவர் மனைவி எத்தனை அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கவேண்டும் என்பதே அதனால் முடிவாகிறது. அயலூரில், அயல்மொழிச் சூழலில், உற்றார் உறவினர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, அப்படிகளை அவர் தனியே ஏற நேர்கிறது. நம் போன்றோர் இப்பொருளைக் கூடுதல் கவனத்துடன் சிந்திக்க வேண்டியது இதனாலேயே.

உயில் இல்லையேல் நேர்வது யாது?

உயில் எழுதாது ஒருவர் இறந்தால், அவர் மனத்தில் எண்ணியிருந்தது எதுவாயினும், சட்டம் வகுத்த வழியிலேயே சொத்துப் பிரியும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி ஓர் ஆடவரின் சொத்து அவர் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாய்ச் செல்லும். தந்தை இவ்வகுப்பில் இல்லை. இவர்களுள் ஒருவர் இருந்தாலும் தந்தைக்கு ஒன்றும் கிடையாது. வயது முதிர்ந்த தந்தையைத் தம் சம்பாத்தியத்தில் காப்பாற்றி வருவோர் இதனை அவசியம் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மும்பையில் தம் பெயரில் ஒரு வீடு வாங்கிய ஒருவர், உயில் எழுதாது காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், ஊரில் உள்ள தாய் என நால்வர் இருக்கின்றனர். வீட்டில் நால்வருக்கும் கால் பங்கு. “அம்மாதானே, அவர் கேட்கவா போகிறார்?” என்று நினைக்கலாம். ஆயின் அந்தக் கால் பங்கு தாய்க்கு முழு உரிமையாய்ச் சேர்ந்துவிட்ட சொத்து. அவரும் உயிலின்றி மறைந்தால், அது அவருடைய மற்ற மக்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். கணவனும் மனைவியும் தவணை கட்டி வாங்கிய வீட்டை விற்பதற்கு, ஊரிலுள்ள மைத்துனர், நாத்தனார் அனைவருடைய கையெழுத்தும் வேண்டியதாகும். அவர்களுள் ஒருவர் மனஸ்தாபத்தில் இருந்தால் எல்லாம் நின்றுவிடும். இதில் எவர் மீதும் குற்றமில்லை. நாலு வரி எழுதிவைக்காத குறை ஒன்றே உள்ளது. தாய்க்கு மாதந்தோறும் இவ்வளவு தொகை சேரவேண்டும் என்றும், வீடு மனைவிக்கே உரியது என்றும் உயிலில் எழுதியிருந்தால் தாயும் காக்கப்பட்டிருப்பார், வீடும் நிலைத்திருக்கும்.

பெண்டிரின் சொத்துக்கு விதி வேறு. மணமான ஒரு பெண் உயிலின்றி இறந்து, அவருக்குக் கணவரும் மக்களும் இல்லையெனில், அவர் தாமே உழைத்துச் சேர்த்த பொருளும் முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பின்னரே வருவர். தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், மக்கள் இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளிடம் திரும்பும். ஆசிரியையாகவும் தாதியாகவும் கணக்கராகவும் பணிபுரிந்து பொருள் ஈட்டும் நம் சகோதரிகள் தமக்கெனத் தனியே ஓர் உயில் எழுதுவது எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

பிற சமயத்தார் நிலையையும் சொல்லவேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லையேல், மக்கள் உள்ள இடத்து, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு எஞ்சியதும் சேரும். மணத்திற்கு முன் அவர்கள் எழுதிய உயில் மணத்தால் ரத்தாகிவிடும். இஸ்லாமியர், வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க இயலாது.

ஊர்ச் சொத்தும் பெண்மக்களும்

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பழைய எண்ணம் இன்னும் பல வீடுகளில் உலவுகிறது. தமிழகம் 1989-ஆம் ஆண்டிலேயே, மணமாகாத பெண்மக்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளிகளாக ஆக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் மணமான பெண்ணுக்கும் அவ்வுரிமை வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பினாலேயே பெண்ணுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகம் பிரிந்த சொத்துக்களை மட்டும் இச்சட்டம் தொடாது. ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கூடி ஊர் நிலத்தை விற்பதோ பிரிப்பதோ பின்னாளில் வழக்குக்கு வித்தாகும். அக்காளையும் தங்கையையும் அழைத்துப் பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வதே உறவையும் சொத்தையும் காக்கும் வழி.

நாமினி வேறு, வாரிசு வேறு

“பாங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், பின் உயில் எதற்கு?” என்பார் பலர். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவர். அப்பணத்திற்கு உரியவர் வாரிசுகளோ உயிலில் கண்டவரோதாம். ஆயுள் இன்ஷூரன்ஸைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1983-இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. பங்குப் பத்திரங்களைக் குறித்தும் 2023-இல் இதே கருத்தை உரைத்தது. இன்ஷூரன்ஸில் மட்டும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, மனைவி, கணவர், மக்கள், பெற்றோர் ஆகியோரை நாமினியாகக் குறித்தால் தொகை அவர்களுக்கே உரியதாகிறது. பாங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நாமினியாகக் குறிக்கலாம்.

நாமினி வேண்டாம் என்று இதனாற் பொருளன்று. நாமினி இருந்தால் பணம் விரைவில் கைக்கு வரும், உயில் இருந்தால் அது உரியவரிடம் சேரும். இரண்டும் வேண்டும், இரண்டிலும் ஒரே பெயர் இருத்தல் அதனினும் நன்று.

உத்தியோகத்திலுள்ள இளைஞர்களுக்கு ஒரு சொல். பிராவிடண்டு பண்டில் மணத்திற்கு முன் செய்த நியமனம் மணமானவுடன் செல்லாததாகிவிடும். தாலி கட்டிய மாதத்திலேயே புதிய நியமனம் செய்துவிட வேண்டும். பணியிலிருக்கும்போதே சந்தாதாரர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு, அந்நிதியுடன் இணைந்த இன்ஷூரன்ஸ் திட்டத்தின்படி, 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதையும் மனைவியிடம் சொல்லிவைக்க வேண்டும். கடன் சுமை உடைய வியாபாரிகள், 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி மக்கள் பேரில் இன்ஷூரன்ஸ் எடுத்தால், கடன்காரர் அத்தொகையில் கைவைக்க இயலாது. கடனை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்தால் மட்டும் இப்பாதுகாப்பு நில்லாது.

உயில் எழுதும் முறை

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா. வெள்ளைத் தாளில், கையாலோ அச்சிலோ, தமிழிலோ வேறு எம்மொழியிலோ எழுதலாம். எழுதுபவர் கையெழுத்திட, இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் சொத்துப் பெறுவோராய் இருத்தல் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அவ்வாறு சாட்சிக்கு விட்ட சொத்து செல்லாமலே போகும். வயதில் நம்மினும் இளையவராய், விலாசம் அறிந்தவராய் இருப்பது நலம். முதியவர் எழுதும்போது, அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்பதற்கு ஒரு மருத்துவரே சாட்சியாய் இருத்தல் மிக நன்று. ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும், இறுதியில் தேதியும் இருக்கட்டும். உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரைப் பெயரிட்டுக் குறித்திடுக.

பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் செய்வது சந்தேகங்களைக் குறைக்கும். ஊர் நிலம் உயிலில் இருக்கிறதென்பதற்காக ஊருக்குப் பயணப்பட வேண்டியதில்லை. வாழும் நகரத்துச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதியலாம். மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முன்னர் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களைச் சார்ந்த உயில்களுக்கு நீதிமன்றத்தில் புரொபேட் பெறவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. தகராறுக்கு இடமுள்ள குடும்பத்தார் விரும்பினால் இன்றும் புரொபேட் பெறலாம்.

சிறு குழந்தைகள் உள்ளோர், தாமிருவரும் இல்லாது போனால் குழந்தைகளை யார் வளர்ப்பது என்பதையும் உயிலில் குறிக்கவேண்டும். எழுதாவிடின் இரு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரும் அன்பின் மிகுதியாலேயே வழக்காடும் நிலை வரலாம்.

உயிலுக்குப் பதிலாக உயிரோடிருக்கும்போதே மக்கள் பேருக்குத் தானசெட்டில்மெண்டு எழுதிவிடுவோரும் உளர். அது எழுதிய அன்றே கைமாறிவிடும் என்பதை மறத்தலாகாது. அவ்வாறு எழுதினால், பெற்றோரை ஆயுள் வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்திட வேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி பத்திரத்தை ரத்துச் செய்ய வழியுண்டு.

நமக்கே உரிய இரு இடர்கள்

முதலாவது, பெயர். ஊர்ப் பட்டாவில் தலைப்பெழுத்துடன் ஒரு பெயர், மும்பை வீட்டுப் பத்திரத்தில் தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கி விரித்த வேறொரு பெயர், ஆதாரில் மூன்றாவது ஒரு வடிவம் என நம்மில் பலர் காகிதத்தில் மூவராய் வாழ்கிறோம். மூவரும் ஒருவரே என்று நாம் இருக்கும்போது நிறுவுவது எளிது. நாம் இல்லாதபோது நம் பிள்ளைகள் நிறுவுவது மிகக் கடினம். ஆவணங்களில் பெயரை ஒருமுகப்படுத்துக. இயலாத இடத்து, “இன்னின்ன பெயர்களாலும் அழைக்கப்படுபவன்” என்று உயிலிலேயே எழுதிடுக.

இரண்டாவது, மொழி. நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர். ஆனால் தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், நான்கெல்லை எது என்று அவர்கள் படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பாங்கிக் கணக்குகள், இன்ஷூரன்ஸ், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் அதில் ஏறட்டும். பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் பாங்கியின் நிதிக்குச் சென்றுவிடுகிறது. உரியவர் எப்போது கேட்டாலும் திரும்பப் பெறலாம். தேடிப் பார்ப்பதற்கு 2023 முதல் ‘உத்கம்’ என்னும் இணையதளமும் உண்டு. ஆயினும் அப்படி ஒரு கணக்கு இருப்பதையே அறியாதவர் எங்ஙனம் கேட்பார்?

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, குலதெய்வத்தை வணங்கி வருவதோடு பிள்ளைகளை அழைத்துச் சென்று நிலத்தின் வரப்பையும் வீட்டின் எல்லையையும் காட்டி வருவோம். வில்லங்கச் சான்றும் பட்டாவின் பிரதியும் வாங்கி வருவோம். திரும்பி வந்ததும் கணவனும் மனைவியும் ஓர் ஞாயிறு மாலை அமர்ந்து, ஆளுக்கோர் உயில் எழுதி முடிப்போம். சொத்து மிகுந்த இடத்தும், பங்காளிச் சிக்கல் உள்ள இடத்தும், ஒரு வழக்கறிஞரின் யோசனைக்குச் செலவிடும் சிறுதொகை வீணாகாது.

நாம் நம் மக்களுக்கு விட்டுச்செல்லும் பொருள் பெரிதோ சிறிதோ, அதனோடு ஒரு வழக்கையும் விட்டுச்செல்ல வேண்டா. உடன்பிறந்தார் நமக்குப் பின்னும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டுமெனில், அதற்கான ஏற்பாட்டை நாம் இருக்கும்போதே செய்துவைப்பது நம் கடமையாகும்.