எண்பது வயதில் கல்லீரல் அறுவை: எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்

"ஏனுங்க டாக்டர், அப்பாருக்கு எண்பத்திரெண்டு ஆச்சுங்க. இந்த வயசுல கத்தி வைக்கலாமுங்களா?" கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்றதும், ஸ்கேன் படத்தோடு கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்குப் பஸ் ஏறும் எந்தக் குடும்பமும் முதலில் கேட்கக்கூடியது இதுதான். வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

வெட்டினால் மீண்டும் வளரும் உறுப்பு கல்லீரல். நல்ல கல்லீரலாக இருந்தால் கால் பங்கு மிஞ்சினாலே பெரும்பாலும் போதும். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலோ, குடியாலோ, சர்க்கரை நோயோடு சேரும் கொழுப்பாலோ தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலுக்கு அது போதாது. ஏறக்குறைய 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். முதுமையில் கல்லீரலின் அளவும் ரத்த ஓட்டமும் குறைந்து, மறுவளர்ச்சியும் மெதுவாகிறது. அதனால்தான் சி.டி. ஸ்கேனில் மிஞ்சப்போகும் பங்கை முன்கூட்டியே அளக்கிறார்கள்.

கல்லீரலில் தனித்தனி ரத்தக்குழாய் கொண்ட 8 பகுதிகள் உண்டு என்று பிரெஞ்சு மருத்துவர் குயினோ 1957-இல் விளக்கினார். கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுக்க வழி பிறந்தது அதனால்தான். பொருத்தமான கட்டிகளைச் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் எடுக்கலாம். வலியும் படுக்கை நாட்களும் குறையும். இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி அறுவையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் சி. பழனிவேலு நிறுவிய ஜெம் மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது. ஜப்பானில் எண்பதைத் தாண்டியவர்களுக்கும் கல்லீரல் அறுவை நடக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே.

ஆளைப் பார்ப்பது என்றால்? கோபி பச்சைமலை முருகன் கோயில் படியில் பாதியாவது மூச்சு வாங்காமல் ஏறுவாரா, நடையின் வேகம் என்ன, சில மாதங்களில் எடை குறைந்ததா, இதயம் தாங்குமா என்பதெல்லாம் பிறந்த தேதியைவிட முக்கியம். அறுவைக்குப் பின் சில நாள் மனக்குழப்பம் வரலாம். கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

உடல் தாங்காது என்றால் வேறு வழிகள் உண்டு. 3 செ.மீ.க்குள் உள்ள கட்டியை ஊசி செலுத்திச் சுட்டுவிடலாம். பெரியதென்றால் அதற்குப் போகும் ரத்தக்குழாயை மருந்தோடு அடைக்கலாம்.

நோயைப் பெரியவரிடம் மறைத்துவிட்டு, பிள்ளைகளே முடிவெடுப்பது நம் பக்கத்தில் பாசமாகத்தான் நடக்கிறது. தவறு அது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அப்பாருவைக் கூட உட்கார வைத்து, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.