பூட்டு புதிது, சாவி யாரிடம்?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் புதிதாகச் சேர்பவர், தமது கணக்கு எண்ணை இனி முகத்தைக் காட்டித்தான் பெற வேண்டும். 'யு.ஏ.என்.' எனப்படும் அந்த 12 இலக்க எண், 2025 ஆகஸ்ட் 1 முதல் 'உமங்' செயலியில் ஆதார் முகச் சரிபார்ப்பு செய்தவர்களுக்கே வழங்கப்படுகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள், நேபாள, பூடான் குடிமக்கள் ஆகியோருக்கு மட்டும் பழைய முறை தொடர்கிறது.

மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. இதுவரை பெரும்பாலும் முதலாளி அல்லது அவருடைய கணக்காளரே தொழிலாளியின் விவரங்களைப் பதிவு செய்துவந்தனர். பெயரில் ஓர் எழுத்து மாறும். பிறந்த தேதி பிழையாகும். கைப்பேசி எண் வேறொருவருடையதாக இருக்கும். பத்தாண்டுகள் கழித்துப் பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போதுதான் அந்தப் பிழை தொழிலாளிக்குத் தெரியவரும். 2024-25 நிதியாண்டில் ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 1.26 கோடி எண்களில் சுமார் 35 சதவீதம் மட்டுமே உறுப்பினர்களால் செயலாக்கப்பட்டன என்று மத்திய அரசே தெரிவித்தது. மற்றவர்கள் தங்கள் கணக்கின் கதவைத் திறந்து பார்க்கவே இல்லை. அந்த நிலை மாற வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

இணையத்தில் ஒருவர் தம்மை நிரூபிக்க மூன்று வகைச் சாவிகள் உள்ளன. முதலாவது, அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று, அதுதான் கடவுச்சொல். இரண்டாவது, அவர் கையில் மட்டும் இருக்கும் ஒன்று. கைப்பேசிக்கு வரும் ஓடிபி இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, அவரது உடலே. விரல் ரேகை, கருவிழி, முகம். கடவுச்சொல்லைத் திருடலாம். ஓடிபியை ஏமாற்றிக் கேட்டு வாங்கலாம். போலி சிம் அட்டை மூலம் கைப்பற்றவும் செய்யலாம். முகத்தைக் கேட்டு வாங்க முடியாது. கைப்பேசி எடுக்கும் படம் ஆதார் தொகுப்பில் உள்ள படத்துடன் ஒப்பிடப்படுகிறது. எதிரில் இருப்பது அச்சிட்ட புகைப்படமா, உயிருள்ள மனிதரா என்பதைக் கண் சிமிட்டல் போன்ற அசைவுகளால் செயலி உறுதி செய்துகொள்கிறது.

உலகெங்கும் போக்கு இதுவே. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், 2021 செப்டம்பருக்கு முன் தொடங்கிய இணையக் கணக்குகளை வலுவான பொது நுழைவு முறைக்கு மாறச் சொன்னது. நம் ரிசர்வ் வங்கியும், மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் குறுஞ்செய்தி ஓடிபியை மட்டுமே நம்பியிராமல் மாற்று வழிகளுக்கு இடம் தரும் நெறிமுறைகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டது. ஆகவே, பழைய பூட்டே போதும் என்று வாதிடுவது பொருந்தாது.

என் கவலை வேறு. இந்தப் பூட்டுகள் எல்லாம் ஒரு மனிதர், ஒரு கைப்பேசி, ஓர் ஆதார், தாமே படித்துத் தாமே இயக்கும் திறன் என்ற கற்பனையின் மீது வடிவமைக்கப்பட்டவை. நடைமுறை அப்படியில்லை. நான் வசிக்கும் மதுரை சிம்மக்கல்லில், மாவட்ட மைய நூலகத்தைச் சுற்றிய தெருக்களில் ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் நிறைய. மாசி வீதிகளின் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும், மூடிய நூற்பாலைகளிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்களும் தங்கள் அரசுக் கணக்குகளுக்குள் நுழையும் இடம் அதுதான். கடைக்காரத் தம்பி எண்ணைத் தட்டுவார். "ஓடிபி சொல்லுங்கம்மா" என்பார். அந்த அம்மா உரக்கப் படிப்பார். கடவுச்சொல் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். கைப்பேசி பல வீடுகளில் கணவருடையது அல்லது மகனுடையது.

அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. அரசு செய்திருக்க வேண்டிய உதவியை அவர் சிறு கட்டணத்தில் செய்கிறார். ஆனால், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒருபுறம் எச்சரித்துக்கொண்டு, மறுபுறம் சொல்லாமல் பிழைக்கவே முடியாத ஏற்பாட்டை நாம் உருவாக்கியிருக்கிறோம். கேட்டவுடன் எண்ணைச் சொல்லும் பழக்கம் அங்கே ஊறிவிடுகிறது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறி அழைக்கும் மோசடிக்காரர் அறுவடை செய்வது அதே பழக்கத்தைத்தான்.

பொருளியலில் நலத்திட்டப் பிழைகளை இரண்டாகப் பிரிப்போம். தகுதியற்றவர் உள்ளே வந்துவிடுவது சேர்க்கைப் பிழை. தகுதியுள்ளவர் வெளியே தள்ளப்படுவது விலக்கல் பிழை. முதலாவது பிழைக்குக் கணக்கு இருக்கிறது. நீக்கப்பட்ட போலிகள் இத்தனை, மிச்சமான கோடிகள் இத்தனை என்று அறிக்கை வரும். இரண்டாவதற்கு அப்படிக் கணக்கு வருவது அரிது. செயலி மும்முறை மறுத்ததும் வீடு திரும்பியவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கில் வராத இழப்பு கொள்கையிலும் இடம் பெறாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே உண்டு. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ஊரக வேலைத்திட்டக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் விரல் ரேகை அட்டை வழங்கப்பட்டதை ஆராய்ந்தார்கள். பணம் விரைவாகவும், கசிவு குறைந்தும் சேர்ந்தது. அங்கே அட்டை இல்லாதவருக்குப் பணம் மறுக்கப்படவில்லை. பின்னர் ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ரேகைச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நடந்ததையும் ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டாயம் மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. முன்கூட்டி ஆதாரை இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பயன் 10 சதவீதம் சரிந்தது. இரண்டும் ரேகையை நம்பிய திட்டங்களே. தோற்றவருக்கு மாற்று வாசல் இருந்ததா என்பது அவற்றுக்கிடையே ஒரு முக்கிய வேறுபாடு.

வைப்பு நிதியில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அது மானியமன்று, மாதந்தோறும் தொழிலாளி தம் ஊதியத்தில் 12 சதவீதம் செலுத்திச் சேர்த்த பணம். 2018 செப்டம்பர் 26-இல் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கோரும் 7-ஆவது பிரிவை ஏற்றது. ஆனால், அரசு ஊழியரின் ஓய்வூதியம் போல உழைத்து ஈட்டிய உரிமையை அப்பிரிவுக்குள் கொண்டுவர முடியாது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு விளக்கியது. சரிபார்ப்பு தோற்பதால் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியையும் பதிவு செய்தது. ஆதார் ஆணையத்தின் 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையும், சரிபார்ப்பு தோற்றால் மாற்று வழியில் பயனை வழங்கச் சொல்கிறது. விதி இருக்கிறது, செயலியின் திரையில்தான் அதற்கான பொத்தான் இல்லை.

தொழில்நுட்பம் எளியவருக்கு எதிரானது என்று நான் சொல்லவில்லை. 2014 நவம்பரில் தொடங்கிய மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறையில் முதலில் ரேகைக் கருவி தேவைப்பட்டது. வயதானாலோ கடும் உழைப்பாலோ ரேகை தேய்ந்தவர்கள் தவித்தனர். 2021 நவம்பரில் முகச் சரிபார்ப்பு வந்தபின், பேரனின் கைப்பேசியிலேயே வீட்டிலிருந்து வேலை முடிகிறது. அஞ்சல்காரர் 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்கிறார். வைப்பு நிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்பதை நினைத்தால், ஓர் ஆட்டோ செலவு மிச்சமாவதும் சிறிய செய்தி அன்று.

என்ன செய்யலாம்? முதலில், உதவியாளரைச் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டும். ரேஷன் கடைக்கு வர இயலாதவர் சார்பில் வேறொருவர் பொருள் வாங்கத் தமிழக அரசு அங்கீகாரப் படிவம் தருகிறது. சிங்கப்பூரின் 'சிங்பாஸ்' முறையில், கைப்பேசி இயக்க இயலாதவர் தமக்கான குறுஞ்செய்தி எண்ணை நம்பகமான குடும்ப உறுப்பினரின் கைப்பேசிக்கு வரச்செய்யலாம். உதவியவர் யார், எப்போது, எதற்காக நுழைந்தார் என்பது பதிவாகும்படி ஒரு பிரதிநிதி நுழைவு இங்கும் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் கடவுச்சொல் எழுதி வைப்பதைவிட அது பாதுகாப்பானது.

இரண்டாவதாக, மனிதர் அமர்ந்திருக்கும் ஒரு மேசை வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தொலைபேசி வழி அடையாளச் சரிபார்ப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது; முதியோர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் சில வாரங்களிலேயே பெருமளவு பின்வாங்கியது. வைப்பு நிதி அலுவலகமும் இ-சேவை மையங்களும், செயலி மறுத்தவரை ஆவணங்கள் பார்த்து ஏற்கும் அதிகாரம் பெற வேண்டும். மூன்றாவதாக, முகச் சரிபார்ப்பு மாவட்டவாரியாக எத்தனை முறை தோற்றது, அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னர் வேலை முடிந்தது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் உள்ள முதியவர், பணிக்குச் செல்லும் பெண் ஆகியோரின் ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அது பழைய எண்ணாயின் ஆதார் சேவை மையத்திலோ அஞ்சலகத்திலோ மாற்றுங்கள். பணம் பறிபோனால் தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

ஒரு பூட்டின் தரத்தைத் திருடனை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. வீட்டுக்காரர் எத்தனை முறை வெளியே நின்றார் என்பதும் அந்த அளவையில் சேர வேண்டும்.