வம்சமும் தீனியும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையிலுள்ள குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. அங்கே மாடு பிடிக்க வரும் குடியானவர் இரண்டு விஷயங்களை விசாரிக்காமல் விலை பேசுவதில்லை: எந்த வம்சம்? என்ன தீனி தின்று வளர்ந்தது? மனிதருக்கு வரும் வியாதியைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் நாம் இந்த விவேகத்தைக் கைவிட்டு விடுகிறோம். "தகப்பனுக்கு இருந்தது, மகனுக்கும் வந்தது" என்று சிலர் விதியின்மீது பழி சுமத்துகிறார்கள். "வாயைக் கட்டாததன் பலன்" என்று வேறு சிலர் நோயாளியையே நிந்திக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மைகளே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆராய்ச்சியின்படி நம் தேசத்தில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுக்காரர்கள். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இவ்வியாதி பெரும்பாலும் ஒரே மரபணுவின் கோளாறன்று. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாக அதற்கு இடங்கொடுக்கின்றன. உணவும் உழைப்பும் உறக்கமும் அதை வளர்க்கின்றன. புனாவை அடுத்த கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆராய்ச்சி, எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. தொட்டிலுக்கு முன்பே, தாயின் போஷணையிலேயே, காரணம் தொடங்கிவிடக்கூடும். மரபணுக்கள் ஒரு தலைமுறையில் மாறிவிடுவதில்லை. வியாதியோ ஒரு தலைமுறைக்குள் பெருகியிருக்கிறது. ஆகவே மாறியது நம் வாழ்க்கை முறையே என்பது தெளிவு.

அம்மாறுதலை இந்த எல்லைப்புறத்தைவிட நன்றாகக் காட்டும் இடங்கள் சிலவே. கேழ்வரகுக் களி உண்டு ஏர் பிடித்தவரின் பேரன், இன்று ஓசூர் ஆலையில் இரவு முறையில் வேலை செய்து, பகலில் உறங்குகிறான். வீடு தேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ராஜ்ய சர்க்கார் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தது. அதை மனமார வாழ்த்துகிறோம். ஆயினும் மருந்து வியாதியை அடக்குமேயன்றி, அதன் காரணத்தைக் கண்டு சொல்லாது.

உலகில் இதுகாறும் நடந்த மரபணு ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரைப் பற்றியவை. அந்தக் குறையைப் போக்க, 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. பெருமைக்குரிய காரியமே. ஆனால் வம்சத்தின் சாட்சியத்தை மட்டும் கேட்டுவிட்டு, வாழ்க்கையின் சாட்சியத்தைக் கூண்டிலேற்றாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

எனவே நாம் வேண்டுவது இது: இந்த ஜில்லாவின் தாய்மாரையும் சேய்களையும் ஆலைத் தொழிலாளரையும் இருபது முப்பது வருஷங்கள் இடைவிடாது கவனித்து வரும் ஓர் ஆராய்ச்சி. அதன் நோக்கத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். தொழிலாளியின் ரத்தத்திலுள்ள ரகசியம் முதலாளியின் கையிலோ, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் கையிலோ சிக்கக்கூடாது. கண்டறிந்த உண்மை, ரத்தம் கொடுத்தவருக்கே முதலில் திரும்பி வரவேண்டும்.

சந்தையில் மாட்டுக்குக் காட்டும் சிரத்தையை மனிதருக்கும் காட்டுங்கள் என்று கேட்கிறோம். இது அதிகமான கோரிக்கையா?