நிற்காத இரத்தம்: சாபம் அல்ல, பரம்பரைக் குறை

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளிகளே,

உங்கள் ஜெபமும் காணிக்கையும் தாங்கிவரும் இந்த மருத்துவ ஊழியத்தில், பலருக்கும் பெயர்கூடத் தெரியாத ஒரு நோயைக் குறித்து இம்முறை எழுதுகிறோம்.

வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவது சகஜம். "உடம்புச் சூடு" என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். வெங்காயத்தை முகரக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சில பிள்ளைகளுக்கோ அது நிற்பதில்லை. மணிக்கணக்காக வடிந்து, பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். பல் விழுந்தாலும் ஈறு கசியும். இலேசாக இடித்துக்கொண்டாலும் நீலம் பாரிக்கும். சிறு வயது முதல் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால், அது கிளான்ஸ்மன் நோயாக இருக்கக்கூடும்.

நோய் என்ன?

1918ஆம் ஆண்டில் எடுவார்ட் கிளான்ஸ்மன் என்ற சுவிட்சர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் இதை விவரித்தார். பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து இரத்தத்தை அடைக்கின்றன. இந்நோய் உள்ளவர்களுக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை. ஆனால் அவை கைகோர்ப்பதற்கான புரதம் இல்லை, அல்லது வேலை செய்வதில்லை. எனவே சாதாரணப் பரிசோதனையில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் தனிப் பரிசோதனைதான் உண்மையைக் காட்டும்.

யாருக்கு வருகிறது?

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் உண்டாகும். பெற்றோர் சுகமாகவே இருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. உலகில் மிக அபூர்வமான இந்நோய், தென்னிந்தியாவில் சற்று அதிகமாகவே காணப்படுகிறது. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதும், அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பதும் நம் சபைக் குடும்பங்களிலும் உள்ள வழக்கமல்லவா?

இது தெரியாமல், "முன்னோர் சாபம்" என்று பேசிப் பெற்ற தாயை நோகடிக்கிறவர்கள் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் விசாரித்தபோது, ஆண்டவர் அந்த எண்ணத்தையே தள்ளிவிட்டதை நாம் மறக்கலாகாது.

இந்நோயோடு வாழ முடியுமா?

முடியும். முதலாவது, வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையை உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கின் மிருதுவான பாகத்தை இருபுறமும் சேர்த்து 10 முதல் 15 நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். மருத்துவர் தந்த டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், புருஃபன், டைக்ளோஃபினாக் கூடாது. தசையில் ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும். ஈறுகளைச் சுத்தமாக வைப்பதும், இழந்த இரத்தத்துக்கு ஈடாக இரும்புச் சத்து மாத்திரை எடுப்பதும் அவசியம். இவ்வளவு செய்தும் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வயதுக்கு வரும்போது முதல் உதிரப்போக்கே உயிருக்கு ஆபத்தாகலாம். வெட்கத்தினால் மறைத்துவைக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பே. ஆகவே, அந்தப் பருவம் வருமுன்னே தாயையும் மகளையும் அழைத்துப் பேசி, வேண்டிய மருந்துகளுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். 12 வருஷம் பெரும்பாட்டினால் வாடி, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்த ஸ்திரீயைச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அவளை ஆண்டவர் கூட்டத்தின் நடுவே "மகளே" என்று அழைத்தார். இந்தப் பெண் பிள்ளைகளும் ஒளிந்து வாழ வேண்டியவர்கள் அல்லர்.

நீங்கள் செய்யக்கூடியது

மருந்துக்கு நிற்காத இரத்தத்துக்குத் தட்டணுக்களை ஏற்ற வேண்டும். தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஏறத்தாழ 5 நாளே வைத்திருக்கலாம். டெங்கு காலத்தில் அவற்றுக்குத் தட்டுப்பாடு வேறு. அடிக்கடி ஏற்றினால் சிலரின் உடம்பு அவற்றை எதிர்க்கத் தொடங்கிவிடும். அப்போது கொடுக்கும் ஏழாம் காரணி என்ற ஊசி மருந்தின் விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. மிகக் கடுமையான சிலருக்கு மட்டும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது.

எனவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்:

1. உங்கள் சபை வாலிபர் இரத்ததானத்துக்கும் தட்டணு தானத்துக்கும் பெயர் கொடுக்கட்டும். கூப்பிட்டவுடன் வரக்கூடிய பத்துப் பேர் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கலாம்.

2. போதகர்கள் திருமண ஆலோசனையில், சொந்தத்தில் மணமுடிப்பதால் வரக்கூடிய பரம்பரை நோய்களைப் பற்றி அன்போடு எடுத்துச் சொல்லட்டும்.

3. மருந்து வாங்க வழியில்லாத குடும்பங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் ஏவுகிறபடி கொடுங்கள்.

இரத்தம் எப்போது வருமோ என்ற பயத்தில் பள்ளிக்கூடம் அனுப்பப்படாமல் வீட்டிலிருக்கும் பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கலாம். கண்டால் எங்களிடம் அனுப்பிவையுங்கள்.

கர்த்தரின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்