இருமொழிக் கல்வியும் தாய்மொழித் திறனும்

பிறமொழி வாயிலாகக் கற்கும் மாணாக்கரின் தாய்மொழி தேய்ந்தொழியுமென்று அஞ்சுவாரும், அவ்வச்சம் வீணென்பாருமாகக் கல்வியுலகில் இருசாரார் உளர். 2001ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும், அடுத்த ஆண்டில் ஆறாந் தரத்திலும், தெரிந்தெடுத்த பாடசாலைகளிற் சில பாடங்களை ஆங்கில மூலம் கற்பிக்கும் ஏற்பாடு இலங்கையிற் புகுந்தமையால், இவ்வினா தமிழ் மாணாக்கருக்கும் உரியதாயிற்று.

இதுபற்றிய ஆராய்ச்சிகளுட் பெயர்பெற்றது, கனடாவின் மொன்றியல் நகரையடுத்த சென் லம்பேட் என்னுமூரில் 1965இல் தொடங்கிய முயற்சியாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவுடைய சிறார் அங்கே பாலர் வகுப்பு முதல் முற்றும் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கப்பட்டனர். அவர்தம் வளர்ச்சியை ஆண்டுதோறும் அளந்துவந்த லம்பேட், ரக்கர் என்னும் அறிஞரிருவர், முதல் வகுப்பின் முடிவில் அச்சிறார் ஆங்கில வாசிப்பிற் பின்தங்கி நின்றமையைக் கண்டனர். (ஊர்ப்பெயரும் அறிஞர் பெயரும் ஒத்தது தற்செயலே.) இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் சிறிதுநேரம் ஒரு பாடமாகப் புகுத்தப்படவே, சில ஆண்டுகளுள் அவர்கள் ஆங்கில மூலம் கற்ற சிறாரோடு ஒப்ப நின்றனர். ஒரு மொழியிற் பெற்ற வாசிப்புத் திறனும், கருத்தை ஒழுங்குபடுத்தும் ஆற்றலும் மற்றைய மொழிக்கும் உதவுவன. இரு மொழித் திறன்களும் ஒன்றையொன்று சார்ந்து வளர்வன என்னுங் கோட்பாட்டைக் கமின்ஸ் என்பார் 1979இல் வகுத்துக் கூறினார்.

எனினும், அச்சிறாருக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேருமென்று கொள்ளுதல் பிழையாம். அவர்தம் வீட்டில் வழங்கியது ஆங்கிலம். வட அமெரிக்காவில் மேலான மதிப்புப் பெற்றதும் அதுவே. பள்ளி அதனை ஒதுக்கிவைத்தபோதும் உலகம் ஒதுக்கவில்லை. தாய்மொழியோடு மற்றொன்று வந்து சேர்வதையும், மற்றொன்று வந்து தாய்மொழியின் இடத்தைக் கவர்வதையும் லம்பேட் அவர்களே பின்னர் வேறுபடுத்திக் காட்டினார்.

தமிழ் மாணாக்கன் இழக்கக்கூடியது யாது? பேச்சுத் தமிழன்று, துறைத்தமிழே. ஆறாந் தரம் முதல் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் கற்றவன், ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு, பிரசாரணம் என்னுஞ் சொற்களைப் பயிலாமலே பாடசாலையை விட்டு நீங்கலாம். சொல் மட்டுமன்று, காரணகாரியந் தொடுத்து, ஐயமற ஒரு பொருளை விளக்கி எழுதும் பயிற்சியும் அத்துடன் போகின்றது. தமிழ்ப் பாடம் அவனுக்கு உண்டு. ஆனால் அங்கே எழுதுவிக்கப்படுங் கட்டுரை பெரும்பாலும் ஆற்றங்கரையின் மாலைக் காட்சியோடு நின்றுவிடுகின்றது! ஆங்கிலம் பழகட்டுமென்று வீட்டிலுந் தமிழை விலக்கும் பெற்றோர் இக்கேட்டைப் பின்னும் பெருக்குகின்றனர்.

யாழ்ப்பாணத்துக்கு இருமொழிக் கல்வி புதிதன்று. 1823 முதல் 1855 வரை வட்டுக்கோட்டையில் நடைபெற்ற செமினரியில் உயர்பாடங்கள் ஆங்கிலத்திற் போதிக்கப்பட்டன. அங்குக் கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ.ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையே, 1887இற் கலித்தொகையை ஏட்டுச்சுவடிகளினின்றும் ஆராய்ந்து பதிப்பித்தார். அச்செமினரியில் தமிழும் ஒரு பாடமாயிருந்தது. அதன் புறத்தே சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கிய இலக்கணங் கற்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தைக் குறைத்தமையால் அவர் தமிழ் வளர்ந்ததன்று; தமிழுக்கெனத் தனியிடமும் தக்க ஆசானும் இருந்தமையால் வளர்ந்தது.

இன்றைய ஆங்கில மூல வகுப்புகளில் அத்தகைய இடத்தை அமைத்தல் அரிதன்று. ஆங்கிலக் கலைச்சொல்லின் பக்கத்தே தமிழ்ச்சொல்லும் எழுதப்படலாம். ஆய்வுகூடத்திற் செய்த பரிசோதனையொன்றை ஒரு பக்கத்தில் விவரித்தெழுதுமாறு தமிழாசிரியர் பணிக்கலாம். அக்கட்டுரையின் மொழியை அவரும், பொருளை விஞ்ஞான ஆசிரியரும் திருத்துதல் வேண்டும். இருவரும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருப்பவரே.